வடம் விறைக்கும் நேரம்

ஐப்பசி கடைசியில் பாலக்காட்டுக் கல்பாத்தித் தேரின் வடத்தைப் பிடித்தவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். அக்கிரகாரத் தெருவே மூச்சைப் பிடித்து இழுக்கிறது, தேர் அசையவில்லை. ஆள் போதவில்லை என்று தோன்றும். சற்று நேரத்தில் அதே ஆட்கள், அதே வடம். தேர் ஒருமுறை குலுங்கி நகர்ந்துவிடுகிறது. இடையில் மாறியது பலம் இல்லை, நேரம்.

நிற்கும் தேரைக் கிளப்புவதுதான் கடினம். ஓடும் தேரை ஓட்டுவது எளிது. எடை தாங்கி நின்ற சக்கரம் தரையில் சற்றே அழுந்தியிருக்கும். அச்சு சக்கரத்தோடு உரசும் இடத்தில் நிலை உராய்வு இறுக்கிப் பிடித்திருக்கும். அதை வெல்லக் குறிப்பிட்ட அளவு விசை ஒரே கணத்தில் வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 பேர், ஆளுக்கு 20 கிலோ எடைக்குச் சமமான விசையில் இழுக்கிறார்கள். தேர் கிளம்ப 1,500 கிலோ அளவு தேவை. நூறு பேரும் சேர்ந்தால் 2,000, தேர் ஓடும். பாதிப் பேர் இந்த நொடியும் மீதிப் பேர் அடுத்த நொடியும் இழுத்தால் இரண்டு முறையும் 1,000 தான். அப்படியே நாள் முழுக்க இழுத்தாலும் தேர் நின்ற இடத்திலேயே நிற்கும். போன நொடியில் கொடுத்த விசை இந்த நொடிக்குச் சேமிப்பாகாது.

மாடு, மனிதர், இயந்திரம் ஆகியவற்றின் உழைப்பை ஒப்பிட்டு வந்த பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கல்மான், சேர்ந்து இழுக்கும் ஆட்கள் கூடக்கூட ஒவ்வொருவரின் பங்கும் குறைவதைக் கண்டு 1913இல் வெளியிட்டார். எட்டுப் பேர் சேரும்போது ஒருவரின் பங்கு, தனியே கொடுப்பதில் ஏறக்குறைய பாதிதான். ஒன்றிணையாததே பெரும் காரணம் என்றார் அவர். 1974இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஆட்களின் கண்ணைக் கட்டி, பின்னால் பலர் இழுப்பதாக நம்பவைத்தார்கள். உண்மையில் ஒருவர் மட்டுமே இழுத்தார், அப்போதும் அவர் விசை குறைந்தது. ஆகவே கசிவு இரண்டு: தாளம் தப்புவது ஒன்று, பிறர் பார்த்துக்கொள்வார்கள் என்று கை தளர்வது மற்றொன்று. தன் பங்கு தனியாகத் தெரியும் என்று அறிந்தவர் தளர்வதில்லை என்பதையும் பின்னாளில் சோதித்துக் காட்டினார்கள். கல்பாத்தியில் பக்கத்தில் நிற்பவர் சித்தப்பாவோ எதிர்வீட்டு மாமியோ. இங்கே ஒளிந்துகொண்டு இழுக்க முடியாது.

தாளம் தப்பாமல் காப்பது குரல். ஒருவர் "நமப் பார்வதீ பதயே" என்று எடுத்துக்கொடுக்கிறார். கூட்டம் "ஹர ஹர மகாதேவா" என்கிறது. நான் வியப்பது இந்த இரண்டு பாதிகளைத்தான். திடீரென்று "இழு" என்றால், அதைக் கேட்டுத் தசை இயங்க ஏறத்தாழ 0.2 நொடி ஆகும், அதுவும் ஆளுக்கு ஆள் மாறும். பழகிய சொல் என்றால் காது காத்திருப்பதில்லை. அடுத்த அசை எப்போது விழும் என்று மூளை முன்கூட்டியே கணித்துவிடுகிறது. பிழை நொடியில் நூறில் சில பங்காகச் சுருங்குகிறது. முதல் பாதியில் கால் ஊன்றுகிறோம், இரண்டாம் பாதியில் உடம்பு சாய்கிறது.

சிறுவயதில் நான் முந்திக்கொண்டு இழுப்பேன். "வடம் விறைக்கட்டும்டா, பிறகு இழு" என்பார் பெரியப்பா. தொய்ந்த கயிற்றில் நான் கொடுத்த விசை அந்தத் தொய்வை எடுப்பதிலேயே போயிருக்கிறது. தேரைத் தொடவே இல்லை. வடம் நேராகி விறைத்த பிறகு ஒவ்வொருவர் இழுப்பும் முன்னவர் இழுப்போடு சேர்ந்து பின்னோக்கிப் போகிறது. முன்கோடியில் பிடிப்பவர் கையில் அவர் பலம் மட்டும். தேரை ஒட்டிய பகுதியில் எல்லோர் பலமும். அங்கே வடத்தின் மீது கை வைத்தால் அது நடுங்குவது தெரியும். பின்னால் யானை நெற்றியைக் கொடுத்து நிற்கிறது. அதன் பாகனும் முதல் பாதிக்குக் காத்திருக்கிறார்.