ரோபோவை நம்புகிறோமா? வியர்வை சொல்வதும் சொல்லாததும்

ரோபோக் கையுடன் சேர்ந்து வேலை செய்பவரிடம் "பயமாக இருக்கிறதா?" என்று கேட்டால், பெரும்பாலும் "இல்லை" என்றுதான் சொல்வார். மேற்பார்வையாளர் பக்கத்தில் நின்றால் கேட்கவே வேண்டாம். அதனால்தான் பணியிடப் பாதுகாப்புத் துறையில் இருக்கும் நாங்கள் வினாத்தாளோடு நிறுத்திக்கொள்ளாமல் உடலையும் கவனிக்கிறோம்.

இரண்டு விரல்களில் மின்முனைகளை ஒட்டி, உணர முடியாத அளவுக்கு மெல்லிய மின்சாரத்தைச் செலுத்துவோம். மனம் உஷாரானால், உடலைத் தயார்நிலைக்குக் கொண்டுவரும் பரிவு நரம்பு மண்டலம் வியர்வைச் சுரப்பிகளைத் தூண்டும்; தோல் மின்சாரத்தைக் கடத்தும் திறன் கூடும். ரோபோ பொருளை நீட்டும் கணத்தில் திரையில் ஒன்றும் தெரியாது. ஒன்று முதல் மூன்று விநாடி கழித்தே அந்தத் திறனைக் காட்டும் கோடு மேலேறும். அதற்குள் அவர் பொருளை வாங்கிக்கொண்டு அடுத்த வேலைக்குத் திரும்பியிருப்பார். எந்த அசைவு எந்த ஏற்றத்துக்குக் காரணம் என்று பிரித்தெடுப்பதுதான் பெரும்பாடு.

கோடு ஏறினால் அவநம்பிக்கை, படுத்துக் கிடந்தால் நம்பிக்கை என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். இது தவறு. கருவி காட்டுவது கிளர்ச்சியை, அதாவது உடல் உஷாராவதை மட்டுமே. ஆர்வத்திலும் கோடு ஏறும், இருமினாலும் ஏறும். கண்மணியைக் கவனித்தாலும் இதே சிக்கல்தான்: அது அச்சத்தில் விரியும், விளக்கு மங்கினாலும் விரியும். தன் வேலையை விட்டு ரோபோவின் பக்கம் பார்வை எத்தனை முறை ஓடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்காமல் நான் எதையும் எழுதுவதில்லை.

அமைதியான உடல்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட சோதனையில், புகை சூழ்ந்து அபாய மணி ஒலித்தபோது பங்கேற்ற 26 பேரும் வழிகாட்டி ரோபோவின் பின்னாலேயே போனார்கள். அது வழிகாட்டத் தெரியாமல் தடுமாறியதைச் சில நிமிடங்களுக்கு முன்பே நேரில் கண்டவர்கள் அவர்களில் பாதிப் பேர்! ஆகவே நம்பிக்கையைக் கூட்டிக்கொண்டே போவது எங்கள் நோக்கமல்ல. இயந்திரத்தின் திறமை எவ்வளவோ, நம்பிக்கையும் அவ்வளவே இருக்க வேண்டும். ரோபோ பிழை செய்தும் கோடு அசையாத இடத்தைத்தான் முதலில் குறித்துக்கொள்வேன். அது அளவுமீறிய நம்பிக்கையா, பழக்கமா, களைப்பா என்பதை அவரிடமே உட்கார்ந்து பேசித்தான் அறிய வேண்டும்.

இந்தப் பதிவுகளைக் கொண்டு ரோபோவின் வேகத்தையும் நெருங்கும் தூரத்தையும் திருத்தலாம். பணியாளரின் தகுதியை எடைபோட ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. உங்கள் விரலில் மின்முனை ஒட்ட வருபவரிடம், பதிவு யார் கைக்குப் போகும், எப்போது அழிக்கப்படும் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு சம்மதியுங்கள்.