நெஞ்செரிச்சல் மாத்திரையின் இன்னொரு விலை

இரவு இரண்டு மணி. எட்டாவது மாதம். படுத்துக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, நெஞ்சுக்குழியில் ஒரு சூடு கிளம்புகிறது. அது மெல்ல மேலேறி மார்பெலும்புக்குப் பின்னால் எரிந்து, தொண்டையில் புளிப்பாக வந்து நிற்கிறது. எழுந்து உட்கார்ந்தால் தேவலை, சாய்ந்தால் மறுபடி அதே எரிச்சல். தலைமாட்டில் கிடக்கும் பட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி வாயில் போட்டு மென்றால் ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடுகிறது.

அந்த நிம்மதியின் விலை என்ன? பட்டையின் மேல் அச்சிட்டிருக்கும் தொகை அதில் ஒரு பகுதிதான். மீதியை உடல் கட்டுகிறது. இரும்புச்சத்தில் கொஞ்சம், உப்பில் கொஞ்சம், மலச்சிக்கலாகக் கொஞ்சம். கர்ப்பிணிகளுக்கு இந்த இரண்டாவது விலையை யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை என்பது எனக்கு நெடுநாளாக இருக்கும் வருத்தம். "எல்லாருக்கும் வர்றதுதான், ஒரு மாத்திரை போட்டுக்கோ" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

எல்லாருக்கும் வருகிறது என்பது ஓரளவு உண்மைதான். ஆய்வுக்கு ஆய்வு மாறினாலும், கர்ப்பிணிகளில் 30 முதல் 80 சதவீதம் பேருக்கு நெஞ்செரிச்சல் வருவதாகக் கணக்குகள் சொல்கின்றன. மாதம் ஏற ஏற எரிச்சலும் ஏறும்.

காரணம் ஒரு சின்ன தசை வளையம். உணவுக்குழாய் சுமார் 25 சென்டிமீட்டர் நீளம். அது இரைப்பையோடு சேரும் இடத்தில் சுருக்குப்பையின் வாயைப் போல ஒரு சுருக்குத்தசை இருக்கிறது. விழுங்கும்போது திறக்கும், மற்ற நேரங்களில் இறுகி மூடியிருக்கும். சாதாரணமாக அதன் இறுக்கம் 10 முதல் 30 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம். இரைப்பையில் இருப்பது மேலே வராமல் காப்பது பெரும்பாலும் இந்தப் பிடிதான்.

கர்ப்பத்தில் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் பல மடங்கு பெருகுகிறது. கருப்பையின் தசை நேரத்துக்கு முன்பே சுருங்கிவிடாமல் தளர்வாக வைத்திருப்பது அதன் முக்கிய வேலை. ஆனால் ரத்தத்தில் ஓடும் ஹார்மோனுக்குக் கருப்பையின் தசை எது, உணவுக்குழாயின் தசை எது என்ற பேதம் கிடையாது. இரண்டும் ஒரே வகை மென்தசை. அதனால் சுருக்குத்தசையும் தளர்கிறது. கர்ப்பிணிகளிடம் அளந்து பார்த்தபோது இந்த அழுத்தம் மாதாமாதம் இறங்கி, 36-வது வார வாக்கில் அடிமட்டத்தைத் தொட்டது தெரிந்தது. கருப்பையும் சும்மா இருப்பதில்லை. 70 கிராம் அளவில் இருந்த உறுப்பு நிறைமாதத்தில் ஏறக்குறைய ஒரு கிலோவாகிறது. உள்ளே குழந்தை, நச்சுக்கொடி, பனிக்குட நீர் எல்லாம் சேர்ந்து இரைப்பையைக் கீழிருந்து முட்டுகின்றன. வாய் தளர்ந்த பையை அடியில் அழுத்தினால் உள்ளிருப்பது மேலே வராமல் என்ன செய்யும்?

மேலே வருவது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவுகோலில் (எண் குறையக் குறைய அமிலம் கூடும்) அது சுமார் 2, சில வேளை அதற்கும் கீழே. நடுநிலையான தண்ணீரோடு ஒப்பிட்டால் லட்சம் மடங்கு அமிலத்தன்மை. இரைப்பைக்குத் தடித்த சளிப்படலமும் அதில் ஊறிய, அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட்டும் கவசம். உணவுக்குழாய்க்கு அந்தக் கவசம் இல்லை, அதற்கு இருக்கும் பெரிய துணை உமிழ்நீர்தான். உமிழ்நீரிலும் பைகார்பனேட் உண்டு. ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் அது குழாயைக் கழுவிவிடுகிறது. தூங்கும்போது உமிழ்நீர் ஊறுவதும் விழுங்குவதும் மிகவும் குறைந்துவிடும். பகலில் பொறுக்க முடிந்த எரிச்சல் நள்ளிரவில் ஆளை எழுப்புவது அதனால்தான்.

இனி அந்த மாத்திரைக்கு வருவோம். மென்று தின்னும் அமிலமுறிப்பு மாத்திரைகளில் மிகவும் பரவலானது கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக் கல்லில் இருக்கும் அதே பொருள். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை மெல்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். இரைப்பையில் இறங்கியதும் அது அமிலத்தோடு சேர்ந்து கால்சியம் குளோரைடாகவும் தண்ணீராகவும் கரியமில வாயுவாகவும் மாறுகிறது. முழுவதும் வினைபுரிந்தால் உடல் வெப்பத்தில் 120 மில்லிலிட்டருக்கும் சற்று அதிகமான வாயு கிடைக்கும். மாத்திரை போட்டதும் வரும் அந்தப் பெரிய ஏப்பம் இதுதான். கூடவே 200 மில்லிகிராம் கால்சியமும் உடலுக்குள் இறங்கியிருக்கிறது.

வெறும் வயிற்றில் இதன் பலன் அரை மணி நேரம் நின்றால் அதிகம், அதற்குள் இரைப்பை அதைக் கீழே தள்ளிவிடும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால் உணவோடு தங்கி, மூன்று மணி நேரம் வரைகூட வேலை செய்யும். ஒரே மாத்திரை, ஒரே விலை, போடும் நேரத்தால் மட்டும் பலன் பல மடங்காகிறது. பால் குடித்தாலும் முதலில் இதமாக இருக்கும். ஆனால் பாலிலுள்ள கால்சியமும் புரதமும் அமிலச் சுரப்பைத் தூண்டுபவை. சற்று நேரத்தில் எரிச்சல் திரும்பி வந்தால் வியப்பதற்கில்லை.

தலைமாட்டு மேசையை இன்னும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நெஞ்செரிச்சல் பட்டைக்குப் பக்கத்திலேயே இரும்புச்சத்து மாத்திரையும் இருக்கும். மறக்காமல் இருக்க வேண்டும் என்று இரண்டையும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் சேர்த்தே விழுங்குபவர்கள் நிறையப் பேர். கட்டுரையின் மற்றதெல்லாம் மறந்து போனாலும் இந்த ஒன்று நினைவில் இருந்தால் எனக்குப் போதும்: இந்த இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது. இரும்பு கரைந்து குடலில் உறிஞ்சப்பட அமிலம் வேண்டும், அமிலமுறிப்போ அந்த அமிலத்தைத் தீர்த்துவிடுகிறது. போதாக்குறைக்குக் கால்சியமும் இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. கர்ப்பத்தில் தாயின் ரத்த அளவு ஏறக்குறைய பாதி கூடுகிறது, குழந்தைக்கும் நச்சுக்கொடிக்கும் தனியாக இரும்பு போக வேண்டும். உலக சுகாதார நிறுவனம் கர்ப்பிணிகளுக்குத் தினமும் 30 முதல் 60 மில்லிகிராம் இரும்பு பரிந்துரைப்பது இதனால்தான். மாத்திரையை ஒரு நாளும் தவறவிடாமல் விழுங்கியும் ஹீமோகுளோபின் ஏறாமல், "சரியா சாப்பிடுறியா இல்லையா?" என்று திட்டு வாங்கும் பெண்ணிடம் இந்த இரண்டு பட்டைகளையும் எந்த நேரத்தில் போடுகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். நடுவில் குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டால் போதும். அதற்குச் செலவே இல்லை.

கால்சியத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் 1,000 மில்லிகிராம், மேல்வரம்பாகச் சொல்லப்படுவது 2,500. ஆறு மாத்திரை மென்றால் அதிலேயே 1,200 ஆகிவிடும். மருத்துவர் எழுதிய தனிக் கால்சியம் மாத்திரையும் உணவில் வருவதும் சேர்ந்தால் வரம்பு தாண்டுவது சுலபம். அதுவும் கர்ப்பத்தில் குடல் வழக்கத்தைவிட ஏறக்குறைய இரு மடங்கு கால்சியத்தை உறிஞ்சுகிறது.

அளவு மீறினால் என்ன ஆகும் என்பதை மருத்துவம் நூறு ஆண்டுகளுக்கு முன்பே பார்த்துவிட்டது. 1915-ல் பெர்ட்ராம் சிப்பி என்ற அமெரிக்க மருத்துவர் இரைப்பைப் புண்ணுக்கு ஒரு சிகிச்சை சொன்னார். மணிக்கொரு முறை பாலும் பாலேடும், இடையிடையே காரப் பொடிகளும் (நாக்கில் உறைக்கும் காரம் அல்ல, அமிலத்தை முறிக்கும் காரம்). பலருக்குப் புண் ஆறியது. சிலருக்கோ கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, வாந்தியும் தலைவலியும் மனக்குழப்பமும் வந்து சிறுநீரகம் பழுதானது. 1923-ல் இதை ஒரு நச்சுவிளைவு என்று பதிவு செய்தார்கள். பால்-காரநோய் என்று பெயர் வந்தது. ரத்தத்தில் கால்சியம் ஏறுகிறது, அது சிறுநீரகத்தைத் தண்ணீரை இழக்க வைக்கிறது. நீர் வற்றிய உடல் காரத்தை வெளியேற்ற முடியாமல் பிடித்துவைக்கிறது, காரம் கூடக்கூடக் கால்சியம் வெளியேறுவதும் குறைகிறது. ஒன்றை ஒன்று தூண்டும் சுழல். அமிலத்தைக் குறைக்கும் புது மருந்துகள் வந்தபின் இந்த நோய் அருகிப்போய், கால்சியம் மாத்திரைகள் பெருகியதும் மறுபடி தலைகாட்டியது. எளிதில் ஆளாகக்கூடியவர்களில் கர்ப்பிணிகளும் அடக்கம். இதன் தொடக்க அறிகுறிகள் குமட்டல், வாந்தி, மலச்சிக்கல், அசதி. கர்ப்பம் என்றாலே இவைதான் என்று யாரும் கண்டுகொள்ளாமல் விட வாய்ப்பு அதிகம் என்பதுதான் என்னை அச்சப்படுத்துகிறது. ஒன்றிரண்டு மாத்திரைக்குப் பயப்பட வேண்டாம். ஒரு நாளில் எத்தனை என்ற எண்ணிக்கை மட்டும் கையில் இருக்க வேண்டும்.

சோடா உப்பைத் தண்ணீரில் கலக்கிக் குடிப்பதுதான் எல்லாவற்றிலும் மலிவான வழி. கர்ப்பிணிக்கு எல்லாவற்றிலும் விலை கூடியதும் அதுதான். ஒரு தேக்கரண்டி சோடா உப்பில் 1,200 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது. ஒரு நாள் முழுவதற்கும் 2,000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. உடலில் நீர் தேங்கும், ரத்தத்தில் காரம் ஏறும். கர்ப்பத்தில் இது வேண்டவே வேண்டாம்.

அலுமினியம் ஹைட்ராக்சைடு உள்ள மருந்து மலத்தைக் கட்டும், மக்னீசியம் உள்ளது இளக்கும். ஒன்றின் பக்கவிளைவை மற்றொன்று ஈடுகட்டட்டும் என்றுதான் திரவ மருந்துகளில் இரண்டையும் கலந்து வைக்கிறார்கள். புரோஜெஸ்டிரோனால் ஏற்கெனவே குடல் மந்தமாகியிருக்கும் பெண்ணுக்கு அலுமினியம் மட்டும் கொண்ட மருந்து தலைவலி போய்த் திருகுவலி வந்ததாக முடியும்.

எனக்கு மிகவும் பிடித்த வழிமுறை ஆல்ஜினேட்டுடையது. பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் இந்தப் பொருளை 1880-களில் ஸ்டான்ஃபோர்டு என்ற ஆங்கிலேய வேதியியலாளர் பிரித்தெடுத்தார். சோடியம் ஆல்ஜினேட் அமிலத்தைத் தொட்டதும் கூழாக உறைகிறது. மருந்தில் சேர்த்திருக்கும் பைகார்பனேட்டிலிருந்து கிளம்பும் வாயுக்குமிழிகள் அந்தக் கூழுக்குள் மாட்டிக்கொள்ள, கூழ் மிதக்கத் தொடங்குகிறது. இரைப்பையில் இருப்பதன் மேல் ஒரு தெப்பம் உருவாகிவிட்டது! பை அழுத்தப்படும்போது முதலில் மேலே வருவது அந்தத் தெப்பம்தான். ரத்தத்தில் கலந்து செய்ய வேண்டிய வேலை இதற்கு எதுவும் இல்லை. சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்பும் எடுக்க வேண்டும், உடனே தண்ணீர் குடித்துத் தெப்பத்தைக் கலைத்துவிடக் கூடாது. இதற்கும் விலை சோடியம்தான். ரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் பாட்டிலில் சோடியம் எவ்வளவு என்று பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

இவற்றுக்கு அடங்காத எரிச்சலுக்கு அமிலச் சுரப்பையே குறைக்கும் மருந்துகள் உண்டு. மருத்துவர் சொல்லி எடுக்க வேண்டியவை. 1961-ல் சந்தையிலிருந்து விலக்கப்பட்ட தாலிடோமைடு, கர்ப்பகாலக் குமட்டலுக்கும் கொடுக்கப்பட்ட மருந்துதான். அது விளைத்த கொடுமைக்குப் பின் கர்ப்பிணிகளுக்கு எந்த மருந்தும் படிப்படியாக, எளியதிலிருந்து தொடங்கியே தரப்படுகிறது. ஃபாமோட்டிடின் என்ற மருந்து, உடலில் சுரக்கும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் இடும் கட்டளை அமிலச் செல்களுக்குப் போய்ச் சேராமல் தடுக்கிறது. தினமும் எடுத்தால் ஓரிரு வாரத்தில் உடல் பழகிக்கொண்டு பலன் குறையும். அடுத்த படியில் இருக்கும் ஒமிப்ரசோல், அமிலத்தை இறைக்கும் புரதப் பம்புகளையே பூட்டிவிடுகிறது. டென்மார்க்கில் 1996 முதல் 2008 வரை நடந்த 8,40,000-க்கும் மேற்பட்ட பிறப்புகளை ஆராய்ந்து 2010-ல் வெளியான ஆய்வு, கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் இவ்வகை மருந்து எடுத்தவர்களின் குழந்தைகளிடம் பெரிய பிறவிக் குறைகள் குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை என்று கண்டது.

இங்கே பணம் வீணாகும் ஒரு இடம் இருக்கிறது. ஒமிப்ரசோல் வேலை செய்துகொண்டிருக்கும் பம்பைத்தான் பூட்டும், பம்புகள் விழித்துக்கொள்வது சாப்பாட்டின் வரவால். ஆகவே சாப்பிடுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பாக எடுக்க வேண்டும். முழுப் பலன் தெரியச் சில நாட்கள் ஆகும். எரியும்போது மட்டும் ஒன்றை எடுத்து வாயில் போட்டு, "இது எனக்குக் கேட்கவே இல்லை" என்று அடுத்த மருந்தைத் தேடிப் போவதில் காசும் போகிறது, நிம்மதியும் போகிறது.

காசில்லாத வைத்தியமும் உண்டு, அதைச் செய்வது புவியீர்ப்பு. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இரைப்பையின் அகன்ற பகுதி கீழேயும் உணவுக்குழாய் சேரும் வாய் மேலேயும் அமைந்துவிடும். வலப்பக்கம் படுத்தால் இது தலைகீழ். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கட்டை கொடுத்தால் உடல் முழுவதும் சரிவாகக் கிடக்கும். தலையணைகளை மட்டும் அடுக்கினால் இடுப்பில் மடிந்து வயிறு இன்னும் அழுந்துகிறது, அதனால் எரிச்சல் கூடவும் செய்யலாம். கடைசிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம், ஒரே வேளையில் நிறைய உண்ணாமல் கொஞ்சம் கொஞ்சமாக உண்பது, இனிப்பில்லாத சூயிங் கம் மென்று உமிழ்நீரைக் கூட்டுவது, இவற்றில் ஏதாவது ஒன்று பெரும்பாலும் கைகொடுக்கும்.

இருபதாவது வாரத்துக்குப் பின் மேல்வயிற்றில், குறிப்பாக வலப்பக்க விலாவுக்குக் கீழே வலி வந்து, கூடவே கடுந்தலைவலியோ, கண்முன் பூச்சி பறப்பதுபோல் பார்வை மங்கலோ, முகத்திலும் கையிலும் திடீர் வீக்கமோ இருந்தால் அதை நெஞ்செரிச்சல் என்று மாத்திரை போட்டுப் படுத்துவிடக் கூடாது. முன்சூல்வலிப்பு எனப்படும் ரத்த அழுத்த நோயில் ஈரல் பாதிக்கப்படும்போது வரும் வலி இப்படித்தான் ஏமாற்றும். அந்த இரவே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரத்த வாந்திக்கும், விழுங்கும்போது அடைப்பதற்கும், கைக்கோ தாடைக்கோ பரவும் மார்பு வலிக்கும் இதே அவசரம். மலம் கறுத்துப் போவது இரும்பு மாத்திரையாலும் இருக்கலாம், ஆனால் அதைத் தாரைப் போலப் பிசுபிசுப்பாகக் கண்டால் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

குழந்தை பிறந்து நச்சுக்கொடியும் வெளியேறியதும் புரோஜெஸ்டிரோன் சில நாட்களில் வடிந்துவிடுகிறது. சுருக்குத்தசை தன் பழைய இறுக்கத்துக்குத் திரும்புகிறது. பெரும்பாலானவர்களுக்கு எரிச்சல் அதோடு நின்றுபோகும். அதன்பின் இரவு இரண்டு மணிக்கு எழுப்புவது குழந்தையின் அழுகை.