அறிவியல் நிகழ்ச்சி ஓடும்போது பக்கத்தில் யார்?

“மொபைல் கேமெல்லாம் தொடவே மாட்டான் டாக்டர். அறிவியல் நிகழ்ச்சி மட்டும்தான் பார்ப்பான்.”

கைக்குழந்தைக்கு 10 வாரத் தடுப்பூசி போட வந்த அம்மா, கூட வந்திருந்த ஏழு வயது மகனைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டேன். பள்ளி விட்டு வந்ததிலிருந்து ராத்திரிச் சாப்பாடு வரைக்கும். பையனும் கோள்கள், கருந்துளை என்று மடமடவென ஒப்பித்தான்.

மேசைமேல் தடுப்பூசிப் பெட்டிக்கான ஐஸ் பேக் இருந்தது. ஃப்ரீசரிலிருந்து எடுத்த உடனே அதைப் பெட்டிக்குள் வைக்க மாட்டோம். சில தடுப்பூசிகள் உறைந்தால் கெட்டுவிடும். கொஞ்ச நேரம் வெளியே கிடந்து, மேலே நீர் முத்துமுத்தாக அரும்பிய பிறகுதான் உள்ளே போகும். “இந்தத் தண்ணி எங்கேருந்து வந்துச்சு?” என்று அவனிடம் கேட்டேன்.

“உள்ளேருந்து ஒழுகுது.”

“ஒழுகுதா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கலாம்?”

அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். இப்படி ஒரு கேள்வியை அவனிடம் யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது.

நிகழ்ச்சிகள்மேல் எனக்குக் குறையில்லை. 1951இல் அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் டான் ஹெர்பர்ட் ‘வாட்ச் மிஸ்டர் விசார்ட்’ என்ற நிகழ்ச்சியைத் தொடங்கினார். 1965 வரை ஓடியது. வீட்டில் கிடைக்கும் சாமான்களை வைத்தே சோதனை செய்வார். அக்கம்பக்கத்துப் பிள்ளை வந்து நிற்பதுபோல ஒரு சிறுவனோ சிறுமியோ பக்கத்தில் இருப்பார்கள். அவர் கேட்பார், பிள்ளை யோசித்துச் சொல்லும், சேர்ந்து செய்து பார்ப்பார்கள். 1994இல் வந்த ‘மேஜிக் ஸ்கூல் பஸ்’ கார்ட்டூன் தொடரில் ஒரு வகுப்பே பஸ்ஸோடு சுருங்கி உடம்புக்குள் போய்வரும். கதை முடிந்ததும் டெலிபோன் மணி அடிக்கும். “இது நிஜத்தில் நடக்காதே!” என்று யாராவது கேட்பார்கள். எது உண்மை, எது கதைக்காகச் சேர்த்தது என்று தயாரிப்பாளர் பாத்திரம் ஒத்துக்கொள்ளும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

இரண்டிலும் கேள்வி கேட்க ஓர் ஆள் இருக்கிறார். நம் வீட்டு சோபாவில் அந்த இடம்தான் காலியாகக் கிடக்கிறது.

சின்னக் குழந்தைகளுக்கு இது இன்னும் முக்கியம். இரண்டு வயதுக்குள், நேரில் ஒருவர் செய்துகாட்டினால் கற்றுக்கொள்ளும் அளவுக்குத் திரையைப் பார்த்துக் கற்பதில்லை. பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம் இது. அந்த வயதில் திரையே வேண்டாம், 2 முதல் 5 வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021இல் தந்த வழிகாட்டுதல். அறிவியல் நிகழ்ச்சியும் அந்தக் கணக்கில்தான் வரும்.

என்னைக் கவலைப்பட வைப்பது வேறு ஒன்று. மூன்று வயதில் கோள்களின் பெயர்களை இங்கிலீஷில் வரிசையாகச் சொல்லும் குழந்தை, தண்ணீர் வேண்டுமென்றால் வாய் திறந்து கேட்காமல் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துப் போகிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. “ரொம்ப புத்திசாலி, அதான் தன் உலகத்திலயே இருக்கான்” என்று வீட்டில் ஒரு வருடத்தைக் கடத்திவிடுகிறார்கள். தயவுசெய்து கடத்தாதீர்கள். டிவியால்தான் இப்படி ஆனது என்று நான் சொல்லவில்லை. காது சரியாகக் கேட்கிறதா, வளர்ச்சி எப்படி இருக்கிறது என்று உடனே பார்க்க வேண்டும். சீக்கிரம் பேச்சுப் பயிற்சி தொடங்கினால் பலன் அதிகம்.

பெரிய பிள்ளைகளோடு ஒரு நிகழ்ச்சியாவது கூட உட்கார்ந்து பாருங்கள். நடுவில் நிறுத்தி, “அடுத்து என்ன ஆகும்?” என்று கேளுங்கள். உங்களுக்குப் பதில் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் தீ, பட்டன் பேட்டரி, குட்டிக் காந்தம் வரும் சோதனைகளைத் தனியாகச் செய்ய விடாதீர்கள். பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே புண்ணாக்கிவிடும். விழுங்கியிருப்பானோ என்று சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

அன்றைக்கு அந்த அம்மாவிடம் ஒரு வேலை சொல்லி அனுப்பினேன். எவர்சில்வர் டம்ளரில் ரோஸ் மில்க் ஊற்றி ஐஸ் போட்டு வையுங்கள். வெளியே துளி அரும்பியதும் வெள்ளைக் கைக்குட்டையால் அவனையே துடைக்கச் சொல்லுங்கள். பதிலை மட்டும் நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

14 வாரத் தடுப்பூசிக்கு வந்தபோது கைக்குட்டையையும் எடுத்து வந்திருந்தான். “ரோஸ் கலரே இல்ல டாக்டர். ஒழுகல. காத்துல இருக்கற தண்ணி.” அப்புறம் அவனே கேட்டான்: “அப்போ சூடான காபி டம்ளருக்கு வெளியே ஏன் வரல?”

“அதைத்தான் இப்ப ரெண்டு பேரும் யோசிச்சிட்டு இருக்கோம் டாக்டர்” என்றார் அம்மா.