மொத்தப் புரதம் கழித்தல் ஆல்புமின்

குமரி மாவட்டத்தில், குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவருக்கும் குளச்சலில் வள்ளம் இழுக்கிறவருக்கும் நடுவலி புதிதில்லை. அதனால்தான் அறுபது வயதில் புதிதாக வரும் ஒரு நடுவலி, வேலை செய்த உடம்பின் வலி என்று தைலத்திலும் தடவலிலும் மாதக்கணக்கில் கரைந்துபோகிறது. வலி ஆறு வாரத்தைத் தாண்டி, கூடவே அசதியும் ரத்தசோகையும் இருந்தால், வீட்டில் கிடக்கும் பழைய ஈரல் பரிசோதனை ரிப்போர்ட்டை எடுங்கள். டோட்டல் புரோட்டீனிலிருந்து ஆல்புமினைக் கழியுங்கள். மிச்சம் டெசிலிட்டருக்கு 4 கிராமுக்கு மேல் வந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். நாள்பட்ட தொற்றாக இருக்கலாம், ஈரல் நோயாக இருக்கலாம், எலும்பு மஜ்ஜையில் வரும் புற்றுநோயான மல்டிபிள் மைலோமாவாகவும் இருக்கலாம்.

கழித்து வந்தது குளோபுலின். அதில் பெரும்பங்கு ஆன்டிபாடிகள். எலும்பு மஜ்ஜையில் இருக்கும் பிளாஸ்மா செல்கள்தான் அவற்றைச் சுரக்கின்றன. நலமான உடம்பில் ஒவ்வொரு செல் குடும்பமும் ஒவ்வொரு கிருமிக்கு ஒவ்வொரு ஆன்டிபாடி செய்யும். மைலோமாவில் ஒரே குடும்பம் பெருகி, ஒரே அச்சில் வார்த்த ஆன்டிபாடியைக் கொட்டுகிறது. அதே செல்கள் எலும்பை அரிக்கும் செல்களைத் தூண்டிவிட்டு, எலும்பைக் கட்டும் செல்களை அடக்கிவிடுகின்றன. கரைந்த சுண்ணாம்புச் சத்து ரத்தத்தில் ஏறும். முதுகெலும்பு உள்ளே பொத்தலாகும். அந்த முதுகில் அழுத்தித் தடவினால் எலும்பு நொறுங்கலாம். கைபழகிய வர்ம ஆசான்களும் எக்ஸ்ரே பார்க்காமல் இந்த வயதினரின் முதுகில் கை வைக்காமல் இருப்பதே நல்லது.

அடுத்து சீரம் எலக்ட்ரோஃபோரசிஸ். ரத்தத்தை அரை மணி நேரம் உறையவிட்டுச் சுழற்றினால் மேலே தெளிந்த சீரம் நிற்கும். அதில் ஒரு சொட்டை, பிஹெச் 8.6 உள்ள காரக் கரைசலில் ஊறிய அகரோஸ் ஜெல்லில் வைத்து மின்சாரம் பாய்ச்சுவார்கள். ஆல்புமின் முன்னால் ஓடும், ஆன்டிபாடிகள் கடைசியாக காமா பகுதியில் தங்கும். சாயம் ஏற்றினால் நலமானவரின் காமா பகுதி மஞ்சு படர்ந்தாற்போல மங்கலாகத் தெரியும். மைலோமாவில் அங்கே பேனாவால் கீறியது போல ஒரு கோடு விழும். வரைபடத்தில் பார்த்தால் ஆல்புமின் ஒரு கோபுரம், காமா ஒரு மணல்மேடு. மேட்டின் மீது இரண்டாவது கோபுரம் எழுந்தால் அதுதான் எம் ஸ்பைக்.

இதில் தவறுகள் நடக்கும். உறையாமை மருந்து கலந்த குழாயில் ரத்தம் எடுத்தால் ரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜென் புரதம் தங்கிவிடும். காமாவுக்கும் அதற்கு முன்னுள்ள பீட்டா பகுதிக்கும் நடுவே பொய்க் கோடு வரும். இதைவிடக் கவலைப்பட வேண்டியது, இருக்கும் நோயைக் காணாமல் விடுவது. சுமார் 15 முதல் 20 விழுக்காடு நோயாளிகளில் செல்கள் முழு ஆன்டிபாடியைச் செய்யாமல் அதன் ஒரு துண்டான லேசான சங்கிலியை (லைட் செயின்) மட்டும் சுரக்கும். அது சிறுநீரில் ஓடிவிடுவதால் ஜெல்லில் கோபுரம் இருக்காது, மேலே சொன்ன கழித்தலும் கைகொடுக்காது. சாதாரண சிறுநீர் ஸ்ட்ரிப் ஆல்புமினைத்தான் பிடிக்கும், இதை விட்டுவிடும். 1845இல் லண்டனில் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் கையில் கிடைத்த சிறுநீரில் இருந்தது இதே புரதம்தான். சூடாக்கினால் கலங்கும், கொதிவந்தால் மறுபடி தெளியும். இன்று சீரம் ஃப்ரீ லைட் செயின் பரிசோதனை கேட்க வேண்டும். கப்பா, லாம்ப்டா என்று இந்தச் சங்கிலியில் இரண்டு வகை; அவற்றின் விகிதம் 0.26 முதல் 1.65 வரை இயல்பு. சிறுநீரகம் கெட்டிருந்தால் 3.1 வரைகூடப் போகலாம்.

இந்தச் சங்கிலிகள் சிறுநீரகக் குழாய்களில் அடைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் நடுவலிக்கென்று கடையில் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக் மீதிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நோய் தெரியவருமுன் நடக்கும் சேதங்களில் நாமே தடுக்கக்கூடியது இது.

கோடு விழுந்தாலே புற்றுநோய் என்று பதற வேண்டாம். ஐம்பது தாண்டியவர்களில் சுமார் 3 விழுக்காட்டினருக்குச் சிறிய கோடு இருக்கும். அந்தப் புரதத்தின் அளவு டெசிலிட்டருக்கு 3 கிராமுக்குக் கீழே, மஜ்ஜையில் பிளாஸ்மா செல் 10 விழுக்காட்டுக்குக் கீழே, உறுப்புச் சேதம் எதுவும் இல்லை என்றால் அது எம்ஜியுஎஸ் (MGUS) எனப்படும், நோய்க்கு முந்தைய நிலை. ஆண்டுக்கு நூற்றில் ஒருவருக்குத்தான் நோயாக மாறும். மருந்து வேண்டாம். ஆறு மாதத்தில் ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும் பார்த்தால் போதும்.

மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள, கதிர்வீசும் தோரியம்தான் காரணமா என்று இங்கே கேட்பார்கள். அதே வகை மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைப் பின்தொடர்ந்து 2009இல் வெளியான ஆய்வில், அங்குள்ள தரைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. மைலோமாவில் முதலில் பார்க்க வேண்டியது வயது. அந்த மணலை விட்டு விலகி, பேச்சிப்பாறை மலையடிவாரத்தில் இருப்பவருக்கும் இந்தப் பரிசோதனை அவ்வளவே தேவை.

சிகிச்சை மைலோமா செல்லின் பலத்தையே பலவீனமாக்குகிறது. ஓயாமல் புரதம் செய்யும் செல்லில் கழிவுப் புரதமும் குவியும். அதை அரைக்கும் புரோட்டியோசோமை போர்ட்டெசோமிப் என்ற மருந்து அடைத்துவிட, செல் தன் குப்பையிலேயே மூச்சுமுட்டிச் சாகும். தோலுக்கடியில் போடும் இந்த ஊசியை எடுக்கும் காலத்தில் அக்கி கிளம்பாமலிருக்க அசைக்ளோவிர் மாத்திரையை விடக்கூடாது. திருவனந்தபுரம் போய் ஊசி போட்டு வருகிறவர்கள் மாத்திரையைப் பாதியில் நிறுத்தினால், சில மாதம் கழித்து மார்பைச் சுற்றிக் கொப்புளங்களோடு நிற்க நேரும்.

டாரட்டுமுமாப் என்ற இன்னொரு மைலோமா மருந்தைத் தொடங்குகிறவர்கள் முதல் ஊசிக்கு முன்பே ரத்தவகையும் ஆன்டிபாடி பரிசோதனையும் செய்து, அட்டையைப் பர்ஸில் வைத்துக்கொள்ள வேண்டும். இம்மருந்து சிவப்பணுக்களிலும் ஒட்டுவதால், கடைசி ஊசிக்குப் பிறகும் ஆறு மாதம் வரை ரத்தவங்கியின் பொருத்தப் பரிசோதனை குழம்பும். மருந்தே ஓர் ஆன்டிபாடி என்பதால் ஜெல்லிலும் மெல்லிய கோடாக விழும். லேப்பில் ரத்தம் கொடுக்கும்போதே மருந்தின் பெயரைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.