நீலம் மஞ்சளானால் கேஸ்கெட் போச்சு

"என் பழைய காரில் கூலண்ட் அடிக்கடி குறைகிறது. ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் வெள்ளையாகப் பிசுக்கு. ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, பிரித்தாக வேண்டும் என்கிறார் மெக்கானிக். பிரிக்காமல் உறுதி செய்ய வழியே இல்லையா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

வழி இருக்கிறது. அதுவும் பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் பார்த்த வழிதான். அதற்கு முன் கேஸ்கெட் ஏன் போகிறது என்று பார்த்துவிடலாம்.

இன்ஜின் பிளாக்கின் மேல் சிலிண்டர் ஹெட் உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே சுமார் ஒரு மில்லிமீட்டர் கனத்தில் ஒரு தகடு. அதுதான் ஹெட் கேஸ்கெட். அதன் ஒரு ஓட்டைக்குள் தீ, பக்கத்து ஓட்டையில் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட், இன்னொன்றில் ஆயில். பெட்ரோல் எரியும் கணத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் 50 பாரைத் தாண்டும் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). ரேடியேட்டர் மூடியோ ஏறக்குறைய ஒரு பாருக்குத்தான் தாங்கும். அதற்கு மேல் போனால் திறந்துவிடும். இந்த இரண்டு அழுத்தங்களும் ஒரு விரற்கடை இடைவெளியில் குடித்தனம் நடத்துகின்றன.

பல கார்களில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல இரண்டு மடங்கு விரியும். 40 சென்டிமீட்டர் நீள ஹெட் 80 டிகிரி சூடேறினால், தடையில்லாமல் விட்டால் 0.7 மில்லிமீட்டர் நீளும்; பிளாக் அதில் பாதிதான். போல்ட்டுகள் இறுக்கிப் பிடித்திருப்பதால், ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் நடுவில் இருக்கும் கேஸ்கெட்டுக்குத்தான் தேய்மானம். இப்படிப் பல்லாயிரம் முறை. போதாக்குறைக்கு, வருடக்கணக்கில் மாற்றாத கூலண்டில் துருத்தடுப்பு வேதிப்பொருள்கள் தீர்ந்து அமிலத்தன்மை ஏறும். அது நீர்வழி ஓரங்களை அரிக்கும். ஒரே ஒருமுறை நன்றாக ஓவர்ஹீட் ஆனாலே ஹெட் வளைந்துவிடலாம். தலைமுடி கனத்துக்கு வளைந்தால் போதும், கசியும்.

சரி, அந்த வெள்ளைப் பிசுக்கு? ஆயிலும் நீரும் கலந்த பால்மம். பாலிலும் இதே கதைதான்: நுண்துளிகள் எல்லாப் பக்கமும் ஒளியைச் சிதறடிப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. ஆனால் அந்த நீர் கூலண்டிலிருந்துதான் வரவேண்டும் என்று கட்டாயமில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் நீர் ஆவியாக உண்டாகும். அதில் கொஞ்சம் பிஸ்டன் ஓரமாக நழுவி ஆயில் பக்கம் இறங்கும். பக்கத்துத் தெருவுக்கு மட்டும் போய்வரும் காரில் ஆயில் முழுச்சூடு ஆகாது. ஆவி மூடியின் அடியில் குளிர்ந்து படியும். எனவே ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். அதில் ஆயில் தெளிவாக இருந்தால் மூடிப் பிசுக்கை வைத்துப் பயப்படவேண்டாம். டிப்ஸ்டிக்கிலேயே பால் கலந்த காபி நிறம் என்றால் வண்டியை ஓட்டாதீர்கள், பேரிங்குகள் போய்விடும். மறுபக்கம், கூலண்டில் எண்ணெய் மிதந்தாலும் அது ஆயில் கூலர் ஓட்டையாக இருக்கலாம். ஆக, கலப்படத்தைப் பார்த்த உடனே கேஸ்கெட்டின்மேல் பழிபோட முடியாது.

எரிந்த வாயு கூலண்டுக்குள் புகுந்திருந்தால் கதை வேறு. அது வரக்கூடிய இடம் பெரும்பாலும் சிலிண்டர்தான். விரிசல் ஹெட்டிலோ பிளாக்கிலோ இருந்தாலும் எப்படியும் பிரிக்க வேண்டியதுதான்.

இதற்கு ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கிறது. உள்ளே நீலத் திரவம், மேலே அமுக்கி இழுக்க ஒரு ரப்பர் பந்து. இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, கூலண்டை இரண்டு மூன்று அங்குலம் குறைத்து, குழாயை ரேடியேட்டரின் வாயில் பொருத்துகிறார்கள். இன்ஜினை ஓடவிட்டுச் சூடேற்றி, கூலண்டுக்கு மேலே நிற்கும் காற்றைப் பந்தால் உறிஞ்சித் திரவத்தின் வழியே குமிழ்விடுகிறார்கள். ஒன்றிரண்டு நிமிடம். கசிவு இருந்தால் நீலம் முதலில் பச்சையாகும், அப்புறம் மஞ்சளாகும்.

அந்த நீலம் புரோமோதைமால் நீலம். குமிழில் வரும் கார்பன் டை ஆக்சைடு நீரில் கரைந்து கார்பானிக் அமிலமாகிறது. பி.ஹெச். 7.6-க்கு மேல் இருக்கும்வரை சாயம் நீலம், 6-க்குக் கீழே போனால் மஞ்சள், இடையில் பச்சை. நடப்பது இவ்வளவுதான்: சாய மூலக்கூறு ஒரு ஹைட்ரஜன் அயனியைப் பிடித்துக்கொள்கிறது. ஒரே ஒரு அயனி! அதிலேயே மூலக்கூறின் எலெக்ட்ரான்கள் விழுங்கும் ஒளி மாறிவிடுகிறது. நீல வடிவம் செம்மஞ்சள் ஒளியை விழுங்கும். மஞ்சள் வடிவம் ஊதா, நீல ஒளியை விழுங்கும். நம் கண்ணுக்கு வருவது மிச்சம்.

வெளிக்காற்றிலும் கார்பன் டை ஆக்சைடு உண்டே, அது ஏமாற்றாதா? காற்றில் அது 0.04 சதவீதம்தான். பெட்ரோல் புகையில் 12 முதல் 15 சதவீதம், அதாவது முந்நூறு மடங்குக்கு மேல். சந்தேகம் இருந்தால் கொஞ்சம் திரவத்தைத் தனியே ஊற்றி ஸ்ட்ராவால் ஊதிப் பாருங்கள் (உறிஞ்சிவிடாதீர்கள்). மூச்சில் சுமார் 4 சதவீதம் இருப்பதால் அதற்கே மஞ்சளாகும். நான் இதைச் செய்து பார்த்த அன்று, கேஸ்கெட்டை மறந்துவிட்டு அரை மணி நேரம் ஊதிக்கொண்டிருந்தேன்.

சோதனை தவறும் இடங்களும் உண்டு. கூலண்டே குழாய்க்குள் ஏறிவிட்டால் நிறத்தை நம்ப முடியாது. கழுவிவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். டீசல் புகையில் மிகைக்காற்று கலந்திருப்பதால் நிறம் பச்சையோடு நின்றுவிடலாம். சில விரிசல்கள் சுமை ஏறினால்தான் வாய் திறக்கும். திறந்தவெளியில் செய்யுங்கள், மூடிய அறையில் இன்ஜினை ஓடவிட்டால் ஆளுக்கே ஆபத்து.

கருவி இல்லாதவர்கள் காலையில் குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பி ரேடியேட்டரின் மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். கூலண்ட் இன்னும் சூடாகவில்லை, ஹோஸ் மட்டும் ஒன்றிரண்டு நிமிடத்தில் கல்லாக இறுகுகிறது என்றால் உள்ளே பிஸ்டன் காற்றடிக்கிறது என்றே அர்த்தம்.

இங்கே ஒரு மூடநம்பிக்கையைப் பற்றிச் சொல்லாமல் போக மனமில்லை. ஓவர்ஹீட் ஆனால், இன்ஜின் சூடாகும்வரை கூலண்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது! கேஸ்கெட் கசிவை அது எந்த விதத்திலும் அடைக்காது. இன்ஜின் சூடேறாமல் ஓடி, அந்த வெள்ளைப் பிசுக்கு இன்னும் கூடும், அவ்வளவுதான். கசிவடைப்பான் பாட்டில்களும் கிட்டத்தட்ட அந்த ரகம். பலவற்றில் சோடியம் சிலிகேட் இருக்கும். சூட்டில் அது கண்ணாடிபோல உறைந்து விரிசலை அடைக்கிறது, ஹீட்டரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைக்கலாம். 2009-இல் அமெரிக்க அரசு பழைய கார்களை ஒழிக்கப் பணம் கொடுத்தபோது, ஆயிலை வடித்துவிட்டு இதே சோடியம் சிலிகேட்டை ஊற்றித்தான் இன்ஜின்களைக் கொன்றார்கள்.

வாசகருக்கு: டிப்ஸ்டிக் தெளிவாக இருந்து, திரவமும் இரண்டு முறை நீலமாகவே நின்றால், வாட்டர் பம்ப்பையும் ஹோஸ் மூட்டுகளையும் பார்க்கச் சொல்லுங்கள். மஞ்சளானால் மெக்கானிக் சொன்னது சரி. பிரிக்கும்போது ஹெட்டின் தளம் நேராக இருக்கிறதா என்று அளக்கச் சொல்லுங்கள். திரவத்தைக் கொட்டவேண்டாம். கூலண்ட் கலக்காத மஞ்சள் திரவத்தில் நல்ல காற்றைக் குமிழ்விட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி மறுபடியும் நீலமாகிவிடும்.