எச்.எம். அறைக்கும் வகுப்பறைக்கும் நடுவே

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் தலைமையாசிரியர் நாற்காலியில் இருப்பவர் வெளியிலிருந்து வந்தவர் இல்லை. இடைநிலை ஆசிரியராகவோ பட்டதாரி ஆசிரியராகவோ முதுகலை ஆசிரியராகவோ வருடக்கணக்கில் சாக்பீஸ் பிடித்து, பணிமூப்புப் பட்டியலில் பெயர் மேலே ஏறி, கலந்தாய்வில் ஊரைத் தேர்வு செய்து வந்தவர்தான். அப்படியிருந்தும் பொறுப்பேற்ற கொஞ்ச நாளிலேயே "சொன்னா ஒருத்தரும் செய்றதில்லை" என்று அவர் சலித்துக்கொள்வதும், "எச்.எம். ஆனதும் பழசெல்லாம் மறந்துட்டார்" என்று ஆசிரியர்கள் ஓய்வறையில் பேசுவதும் ஏறக்குறைய எல்லா ஊரிலும் நடக்கிறது.

நான் கணக்குப் பட்டதாரி ஆசிரியராக இருந்து உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஆனவன். அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களிலும் தலைமையாசிரியர் பயிற்சிகளிலும் இரண்டு தரப்பும் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆள் மாறிவிட்டார், குணம் மாறிவிட்டது என்ற விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. மாறுவது அவர் முன்னால் வந்து விழுகிற வேலை. வகுப்பில் இருந்தவரை அவர் கண்ணில் பட்டது பிள்ளைகளின் முகம், நோட்டு, தப்பாகப் போட்ட கணக்கு. இப்போது கண்ணில் படுவது சதவீதம், பட்டியல், நிலுவை. ஒரே பள்ளியில் இருந்துகொண்டு இருவரும் வேறு வேறு பள்ளியைப் பார்க்கிறார்கள், சண்டையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். காலை வழிபாடு முடியும்போதே வாட்ஸ்அப்பில் "மிக மிக அவசரம்" என்ற தலைப்போடு ஒரு படிவம் வந்திருக்கும், மாலை 4 மணிக்குள் அனுப்ப வேண்டும். மாணவர்களின் வங்கிக் கணக்கு விவரமாக இருக்கலாம், ஆதார் புதுப்பிக்காதவர்கள் பட்டியலாக இருக்கலாம், சைக்கிள் வாங்கியவர், வாங்காதவர் எண்ணிக்கையாகவும் இருக்கலாம். இதில் பாதி ஏற்கெனவே எமிஸ் தளத்தில் (பள்ளி, மாணவர் விவரங்களைப் பதியும் கல்வித் துறையின் இணையதளம்) ஏற்றப்பட்ட தகவல்தான், ஆனாலும் தனியாக எக்செலில் கேட்பார்கள். தொடக்கப் பள்ளி என்றால் எழுத்தரே கிடையாது. உயர்நிலைப் பள்ளியில் இளநிலை உதவியாளர் பணியிடம் இருக்கும், ஆள் இருப்பாரா என்பது அந்தந்தப் பள்ளியின் அதிர்ஷ்டம். ஆகவே அந்தப் படிவம் தலைமையாசிரியர் கையிலிருந்து நேராக வகுப்பாசிரியர் கைக்குப் போகிறது. அவர் மூன்றாம் பாடவேளையில் பின்னக் கூட்டலின் நடுவே இருப்பார். ஒரு மாணவன் வாசலில் வந்து "டீச்சர், எச்.எம். உடனே லிஸ்ட் கேட்டாங்க" என்பான். பாடம் அங்கேயே நிற்கும். மாலையில் பட்டியல் தாமதமானால் எச்.எம்.முக்கு மேலிடத்திலிருந்து ஃபோன், அவரிடமிருந்து டீச்சருக்குக் கடுமையான ஒரு வார்த்தை. இருவரில் ஒருவரும் உண்டாக்காத வேலை அது, கோபம் மட்டும் ஒருவர் மேல் ஒருவருக்கு.

கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 27ஆம் பிரிவு, பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணி ஆகிய மூன்றைத் தவிர வேறு கல்விசாராப் பணிகளில் ஆசிரியரை ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. இதை எல்லோரும் மேடையில் மேற்கோள் காட்டுவோம். அதே சட்டத்தின் அட்டவணையில் இன்னொரு வரி இருக்கிறது, அதை யாரும் பேசிக் கேட்டதில்லை: ஆசிரியரின் வாரப் பணி நேரம் குறைந்தது 45 மணி, அது பாடத் தயாரிப்பு நேரத்தையும் சேர்த்து. அதாவது தயாரிப்பும் பணிதான் என்று சட்டமே ஒத்துக்கொண்டிருக்கிறது. நம் பள்ளிகளில் ஆசிரியர் ஒரு பாடவேளை வகுப்பில்லாமல் உட்கார்ந்திருந்தால் அவர் சும்மா இருக்கிறார் என்றுதான் எடுத்துக்கொள்கிறோம், உடனே ஏதாவது ஒரு வேலையைக் கொடுத்துவிடுகிறோம்.

இந்த விஷயம் பளிச்சென்று வெளியே தெரிகிற இடம் சப்ஸ்டிட்யூஷன் நோட்டு, அதாவது வராத ஆசிரியரின் வகுப்புக்குப் பதிலாக யார் போக வேண்டும் என்று எழுதும் நோட்டு. பள்ளிக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது அற்பமாகத் தோன்றலாம், ஆனால் ஒரு பள்ளியின் மனநிலையை அறிய நான் முதலில் புரட்டிப் பார்க்கச் சொல்வது அந்த நோட்டைத்தான். ஒன்பது ஆசிரியர் உள்ள உயர்நிலைப் பள்ளி, இருவர் பயிற்சிக்குப் போய்விட்டார்கள், ஒருவர் வாக்குச்சாவடி நிலை அலுவலராக வீடுவீடாகப் போயிருக்கிறார், இன்னொருவர் தற்செயல் விடுப்பு. மிச்சம் ஐந்து பேர், ஐந்து வகுப்பு, நாள் முழுக்க யாருக்கும் மூச்சுவிட நேரமில்லை. அப்படிப்பட்ட நாட்களில் ஒருவரும் குறை சொல்வதில்லை. குறை வருவது சாதாரண நாட்களில்தான், அதுவும் முகம் பார்த்துப் பாடவேளை போடும்போது. எதிர்த்துப் பேசாத டீச்சருக்கே தொடர்ந்து விழும், சங்கப் பொறுப்பில் இருப்பவருக்கு விழாது, அடிக்கடி எச்.எம். அறையில் டீ குடிப்பவருக்கும் விழாது. நோட்டை எடுத்துக் கடைசி ஒரு மாதத்தை எண்ணிப் பார்த்தால் யாருக்கு எத்தனை என்பது அப்படியே கிடைத்துவிடும். எண்ணிப் பார்க்க வேண்டியது எச்.எம். தான், ஆனால் ஆசிரியர்கள் ஏற்கெனவே மனதுக்குள் எண்ணி வைத்திருப்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு தலைமையாசிரியர் வந்த புதிதில் செய்த முதல் காரியம், ஒவ்வொருவர் பெயருக்கு நேராகவும் அந்த மாதம் எத்தனை பதில் வகுப்பு என்று ஓய்வறைப் பலகையில் எழுதி வைத்ததுதான். தன் பெயரையும் அந்தப் பட்டியலில் சேர்த்து, தானும் போய் வகுப்பெடுத்தார். அதன்பிறகு அந்தப் பள்ளியில் சப்ஸ்டிட்யூஷன் பற்றிய பேச்சு அடங்கிவிட்டது. பெரிய கூட்டமோ பயிற்சியோ நடத்தாமல், ஒரு பலகையில் நடந்தது அது.

அப்புறம் வகுப்பறை உற்றுநோக்கல். பாதி இடங்களில் இது வெறும் கையெழுத்து. எச்.எம். வந்து பத்து நிமிடம் கடைசி பெஞ்சில் உட்காருவார், பாடக்குறிப்பைக் கேட்பார், பதிவேட்டில் "கற்பித்தல் நன்று. மாணவர் பங்கேற்பை மேம்படுத்தவும்" என்று எழுதிவிட்டுப் போவார். இந்த வரியை வைத்துக்கொண்டு எந்த ஆசிரியரும் அடுத்த நாள் எதையும் மாற்ற முடியாது. தமிழ் வகுப்புக்கும் இதே வரிதான், அறிவியலுக்கும் இதே வரிதான்.

வேறு மாதிரியும் செய்யலாம். எட்டாம் வகுப்பில் முழுக்களை (மைனஸ் எண்களும் சேர்ந்தவை) திருப்பிப் பார்க்கிற ஒரு கணக்கு வகுப்பு. எச்.எம். ஜன்னலோரம் உட்கார்ந்து, டீச்சரைப் பார்க்காமல், பக்கத்தில் இருந்த மூன்று பிள்ளைகளின் நோட்டை மட்டும் பார்த்தார். ஒரு பெண் -4 - 6 = 10 என்று போட்டிருந்தாள். அவளே அடுத்த வரியில் -7 + 3 = -10 என்று எழுதியிருந்தாள். எச்.எம். அந்த இரண்டு வரியையும் அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொண்டு, மதிய உணவுக்குப் பிறகு டீச்சரிடம் காட்டி, "ஏன் டீச்சர் இப்படிப் போடுறா?" என்று மட்டும் கேட்டார். டீச்சர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், மைனஸும் மைனஸும் சேர்ந்தா பிளஸ்னு பெருக்கலுக்குப் படிச்சதைக் கூட்டலுக்கும் போடுறா. ரெண்டாவதுல பெரிய எண்ணோட குறியைப் போடணும்னு ஞாபகம் இருக்கு, ஆனா கழிக்கணும்னு தெரியலை. எண்கோடு போட்டுக் காட்டாம விதியை மட்டும் மனப்பாடம் பண்ணியிருக்கா. கிளாஸ்ல இன்னும் பத்துப் பேராவது இப்படித்தான் இருப்பாங்க. எண்கோட்டை முதல்ல இருந்து எடுக்கணும், ஆனா இந்த மாசத்துக்கான பாடத்தை முடிக்கணும்ல." எச்.எம். அந்த மாதப் பாடத்தை ஒரு வாரம் தள்ளி முடித்தால் போதும் என்று ஒத்துக்கொண்டார், அந்த வாரம் டீச்சருக்கு வேறு வேலை எதுவும் கொடுக்கவில்லை. இப்படி ஒரு பேச்சு நடந்த பிறகு அடுத்த முறை எச்.எம். வகுப்புக்குள் வரும்போது டீச்சருக்கு வயிற்றைக் கலக்காது. தலைமையாசிரியர் கணக்குப் படித்தவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இதில் இல்லை, மூன்று நோட்டைப் பார்த்து "ஏன் இப்படி?" என்று கேட்டால் போதும்.

இதனால்தான் எச்.எம். ஒரு வகுப்பையாவது கையில் வைத்திருக்க வேண்டும் என்று நான் விடாமல் சொல்கிறேன். கால அட்டவணையில் பெயர் இருக்கிறது, ஆனால் கூட்டத்துக்குப் போய்விட்டார் என்று பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருக்கிற வகுப்பைச் சொல்லவில்லை. வாரத்தில் நான்கு பாடவேளையானாலும், நோட்டுத் திருத்தி, தேர்வுத்தாள் திருத்தி, மதிப்பெண் பதிவேற்றி, பாதியில் யாரோ பட்டியல் கேட்டு வந்து நிற்பதையும் அனுபவித்து எடுக்கிற வகுப்பு. அந்த நான்கு பாடவேளை இருந்தால் "எமிஸ்ல போட ரெண்டு நிமிஷம்தானே ஆகும்" என்று யாரிடமும் சொல்ல மாட்டார்.

சரி, ஆசிரியர்களிடம் சொல்ல எதுவும் இல்லையா? இருக்கிறது. எச்.எம். நிலை மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதுதான். கழிப்பறையைச் சுத்தம் செய்பவருக்கு மாதச் சம்பளம், பழுதான மோட்டார், மதிய உணவில் புகார், பள்ளி மேலாண்மைக் குழுவில் ஊர்க்காரர்களின் பழைய பகை, மாற்றுச் சான்றிதழில் பிறந்த தேதி திருத்தக் கேட்டு வருபவர், இதெல்லாம் அந்த அறைக்குள் நாள் முழுக்க ஓடுகிறது. பணமும் அப்படித்தான். ஒன்றிய அரசின் நிதியும் சேர்ந்து நடக்கும் சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தில் பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது, 100-க்கு மேல் 250 வரை மாணவர் உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் என்பது விதிமுறை. 2024-25இல், பி.எம். ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாத விவகாரத்தில் தமிழ்நாட்டுக்கான சமக்ர சிக்ஷா நிதியை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது நினைவிருக்கும். வருகிற மானியத்தில் பதிவேடு, சாக்பீஸ், சின்னச் சின்னப் பழுது எல்லாம் பார்க்க வேண்டும். இந்தக் கணக்கு ஆசிரியர்களுக்குத் தெரியாது, ஆகவே "காசு வருது, எங்கே போகுதுன்னு தெரியலை" என்ற பேச்சு வருகிறது. தப்பு ஆசிரியர்களுடையது மட்டும் இல்லை, கணக்கை மேசை அறைக்குள் பூட்டி வைக்கும் பழக்கமும் சேர்ந்துதான் இந்தச் சந்தேகத்தை வளர்க்கிறது. வந்தது இவ்வளவு, போனது இவ்வளவு என்று ஆண்டுக்கு இரண்டு முறை ஆசிரியர் கூட்டத்தில் வாசித்துவிட்டால் போதும். ஆசிரியர்களும் ஒரு மாதம் முறைவைத்து, ஆளுக்கு ஒரு நாள், எச்.எம். அறையில் உட்கார்ந்து வருகிற தபாலையும் ஃபோனையும் பார்த்துக்கொள்ளலாம். சில பள்ளிகளில் உதவித் தலைமையாசிரியர் மட்டும்தான் இதைப் பார்க்கிறார், எல்லோரும் பார்த்தால் பாதிப் பேச்சு குறையும்.

ஆசிரியர் கூட்டம் என்று சொன்னேன், அதையும் சொல்லிவிடுகிறேன். கூட்ட நடவடிக்கைப் பதிவேட்டில் பொருளும் தீர்மானமும் முன்னமே எழுதப்பட்டிருக்கும், கடைசிப் பாடவேளையில் அது வகுப்பு வகுப்பாகச் சுற்றி வரும், கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவோம். கூட்டமே நடந்திருக்காது. நடந்தாலும் ஒருவர் பேச மற்றவர்கள் பேப்பர் திருத்திக்கொண்டிருப்பார்கள். முதல் அரை மணி நேரம் எச்.எம். பேசக் கூடாது என்று வைத்துப் பாருங்கள். இளையவரிலிருந்து தொடங்கி ஆளுக்கு ஒரு பிரச்சினை, கூடவே அதற்கு அவர் நினைக்கும் வழி. உடன்படாதவர் கருத்தையும் பதிவேட்டில் எழுத வேண்டும். முதல் இரண்டு கூட்டம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், இங்கே சொன்னது மேலே போய்விடுமோ என்ற பயம் அவ்வளவு ஊறியிருக்கிறது. மூன்றாவது கூட்டத்தில், முன்பு ஒருவர் சொன்ன சின்ன விஷயம், குடிநீர்க் குழாயோ பாடவேளை மாற்றமோ, நிறைவேறியிருப்பதைப் பார்த்த பிறகு பேச ஆரம்பிப்பார்கள்.

தனியார் பள்ளிகளில் தாளாளர், முதல்வர், கோ-ஆர்டினேட்டர் என்று படிகள் அதிகம், வேலைப் பாதுகாப்பு குறைவு, வகுப்பறையில் கேமரா வேறு. பெற்றோர் ஒரு மெசேஜ் போட்டால் டீச்சரிடம் என்ன நடந்தது என்று கேட்கும் முன்பே மன்னிப்புக் கேட்கச் சொல்கிற நிர்வாகங்களை அறிவேன். அங்கே முதல் தேவை ஒன்றுதான்: புகார் வந்தால் முதலில் டீச்சரைக் கேட்டுவிட்டு அப்புறம் பெற்றோருக்குப் பதில் சொல்லுங்கள்.

இவ்வளவும் பள்ளிக்குள் செய்யக்கூடியவை. இதற்கு மேல் ஒரு இடம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் தலைமையாசிரியர்களை மட்டும் திருந்தச் சொல்வது நியாயம் ஆகாது. பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் மாவட்ட அளவில் மீளாய்வுக் கூட்டம் போடுவார்கள். தேர்ச்சி சதவீதம் குறைந்த பள்ளிகளின் தலைமையாசிரியர்களை வரிசையாக எழுந்து நிற்க வைத்து, சக தலைமையாசிரியர்கள் முன்னால் கேள்வி கேட்பார்கள். விளக்கம் கேட்டு மெமோ வரும், 17(அ), 17(ஆ) என்ற ஒழுங்கு நடவடிக்கை விதி எண்கள் காற்றில் பறக்கும். தோற்றவர்களில் எத்தனை பேர் வேலைக்குப் போய்க்கொண்டே பரீட்சை எழுதியவர்கள், எத்தனை மாதம் அந்தப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தது என்று எவரும் கேட்பதில்லை. அன்று மதியம் அவமானப்பட்டுத் திரும்பியவர் மறுநாள் காலை ஆசிரியர் கூட்டத்தில் எந்தக் குரலில் பேசுவார்? மேலே கேட்ட அதே குரலில்தான். அதைக் கேட்ட ஆசிரியர் அடுத்த பாடவேளையில் பிள்ளைகளிடம் பேசுவதும் அதே குரலாக ஆகிவிடுகிறது. அதைவிட மோசம், அடுத்த ஆண்டு சதவீதத்தைக் காப்பாற்ற, படிக்கச் சிரமப்படும் பிள்ளையை ஒன்பதாம் வகுப்பிலேயே வேறு பள்ளிக்கு அனுப்பிவிடலாமா என்ற யோசனை வருகிறது.

வட்டாரக் கல்வி அலுவலர்களும் மாவட்டக் கல்வி அலுவலர்களும் இதைப் படித்தால், அவர்களிடம் கேட்க விரும்புவது இவைதான். எமிஸில் இருக்கும் தகவலை மறுபடியும் படிவத்தில் கேட்காதீர்கள், கேட்டே ஆக வேண்டும் என்றால் மூன்று வேலை நாள் அவகாசம் கொடுங்கள். பாடவேளை நடக்கும் நேரத்தில் தலைமையாசிரியரைக் காணொலிக் கூட்டத்துக்கு அழைக்காதீர்கள். சதவீதம் குறைந்த பள்ளியின் எச்.எம்.மைத் தனியாக அழைத்து, கூடவே அந்தப் பாட ஆசிரியரையும் உட்கார வைத்து, அங்கே எந்தப் பணியிடம் எத்தனை மாதம் காலி என்ற தாளை உங்கள் மேசையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.