மிட்டாய் டப்பாவுக்குள் ஒரு கீபோர்டு

ஆல்டாய்ட்ஸ் புதினா மிட்டாய் விற்கப்படும் தகர டப்பாவின் வெளியளவு சுமார் 95 x 60 x 21 மில்லிமீட்டர். மேல்நாட்டு மின்னணு ஆர்வலர்கள் ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயர், சின்ன ரேடியோ என்று என்னென்னவோ அதில் அடைத்துப் பார்த்துவிட்டார்கள். கீபோர்டும் அந்த வரிசையில்தான் வருகிறது.

ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஒரு ஸ்விட்ச் இருக்கும். வழக்கமான செர்ரி எம்எக்ஸ் வகை ஸ்விட்ச் என்றால் விசைக்கு விசை 19.05 மி.மீ. வேண்டும். டப்பாவில் 12 விசைதான் அடங்கும், மூடியும் மூடாது. தட்டையான கைல் சாக் வகை ஸ்விட்சுக்கு 18 x 17 மி.மீ. போதும் என்பதால் மூன்று வரிசை, ஐந்து நிரல் என 15 விசைகளை வைக்கலாம். டப்பாவின் மூலை வளைவில் உரசினால் விசைத்தொப்பியை லேசாக அரத்தால் ராவிக்கொள்ள வேண்டும்.

சரி, வயர்? விசைக்கு ஒன்றாக இழுத்தால், விசைகளைக் கவனிக்கும் சிப்பான மைக்ரோகன்ட்ரோலரில் 15 பின்கள் (இணைப்புக் கால்கள்) தேவை. வரிசைக்கு ஒன்று, நிரலுக்கு ஒன்று என்று கட்டினால் எட்டே போதும். சிப் ஒவ்வொரு வரிசையாக மின்னழுத்தத்தை மாற்றி, எந்த நிரலில் அதன் விளைவு தெரிகிறது என்று பார்க்கும். இந்தச் சுற்று நொடிக்கு ஆயிரம் முறைக்கும் மேல் நடப்பதால், நம் விரல் எவ்வளவு வேகமாகத் தட்டினாலும் தப்பாது.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் இருக்கும் விசைகளைச் சேர்த்து அழுத்தினால், தொடாத நான்காவது விசையும் அழுத்தப்பட்டதாகத் தெரியும். மின்சாரம் ஒரு விசை வழியாகப் பின்னோக்கிப் போய்ச் சுற்றுவழியில் வந்துவிடுவதுதான் காரணம். அதைத் தடுக்கவே ஒவ்வொரு ஸ்விட்சோடும் 1என்4148 போன்ற ஒரு டையோடைச் சேர்க்கிறார்கள். அது மின்சாரத்தை ஒரே திசையில்தான் விடும். பதினைந்து டையோடுகளையும் வளைத்து, ஒரே பக்கம் பார்க்க வைத்து, ஈயம் வைப்பதுதான் இந்த வேலையிலேயே பொறுமையைச் சோதிக்கும் பகுதி. ஒன்று திரும்பியிருந்தாலும் அந்த விசை செத்ததுபோலக் கிடக்கும்.

15 விசையில் எப்படி எழுதுவது? இரண்டு கட்டைவிரல் விசைகளை அடுக்கு மாற்ற, அதாவது மற்ற விசைகளுக்கு வேறு எழுத்துகளைக் கொடுக்க, ஒதுக்கினால் மிச்சம் 13. எதையும் பிடிக்காமல் ஓர் அடுக்கு, இடதைப் பிடித்தால் ஒன்று, வலதைப் பிடித்தால் ஒன்று, இரண்டையும் பிடித்தால் இன்னொன்று. ஆக 52 இடங்கள்! கீபோர்டுக்குள் ஓடும் கியூஎம்கே என்ற திறந்தமூல மென்பொருளில், 200 மில்லிநொடிக்குள் விட்டால் ஸ்பேஸ், அதற்கு மேல் பிடித்தால் அடுக்கு என்று ஒரே விசைக்கு இரண்டு வேலை கொடுக்கவும் முடியும். பழக நாளாகும் என்பது வேறு விஷயம்.

தகரம் மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே உட்புறம் முழுக்க மின்சாரம் கடத்தாத கேப்டான் டேப் ஒட்டாமல் சர்க்யூட் பலகையை இறக்கக் கூடாது. புளூடூத் ஆசையும் வேண்டாம். டப்பாவின் தகரம் ரேடியோ அலையைத் தடுத்துப் பலவீனமாக்கும். பக்கவாட்டில் ஓட்டை போட்டு யூஎஸ்பி வயரை வெளியே விடுவதே உத்தமம்.

தமிழும் அடிக்கலாம். கீபோர்டு எழுத்தை அனுப்புவதில்லை, எண்ணைத்தான் அனுப்புகிறது. 'எச்' விசைக்கு எண் 11. கணினியில் தமிழ்99 என்ற விசை அமைப்பு இருந்தால் அதுவே 'க' ஆகிவிடும். உயிர் 12, மெய் 18, புள்ளி 1 என 31 இடம் போனாலும், எண்களுக்கும் நிறுத்தக்குறிகளுக்கும் 21 மிஞ்சும். கிரந்தத்துக்கு ஷிஃப்ட் வேண்டும், அதற்கு அந்த 21-இல் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியதுதான்.